இரண்டாவது நாடா

1992ஆம் ஆண்டிலே நமக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பொழுது மின்சாரம் இல்லை. வானொலிப் பெட்டிக்குப் போடும் பற்றறியும் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. ஆயினும் பாட்டுக் கேளாமல் வீடுகள் இருந்துவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையினாற் சுற்றி, சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கம்பி வழியாக ரேப் றெக்கோடருக்குக் கொடுப்போம். அக்காலத்திற் சிறுவராயிருந்த பலருக்கும் இந்த உத்தியோகம் வாய்த்திருக்கும்.

எமது சித்தப்பா கப்பலிலே வேலை பார்த்து ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த கசெற்றுகளில் ஒன்றிலே பாட்டே இல்லை. வாத்தியங்கள் மாத்திரம் தம்முட் பேசிக்கொள்வனபோல ஒலித்துக்கொண்டிருக்கும். "இதென்ன, நெடுக ஆயத்தம் பண்ணுகினம், பாட்டு எப்ப தொடங்கும்?" என்று அம்மா கேட்பார். சித்தப்பா விடை சொல்வதில்லை. சாய்மனைக் கதிரையிலே கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். பெடல் சுற்றுவது நமது பொறுப்பு.

சுற்றிச் சுற்றிக் கை களைத்துவிடும். கை தளர மின் தளரும். மின் தளர நாடா மெதுவாக ஓடும். நாடா மெதுவாக ஓட, ட்ரம்பெற்றின் குரல் இறங்கி ஈனசுரத்தில் இழுபடும். உடனே கதிரையிலிருந்து குரல் வரும்: "தம்பி, கெதியாச் சுத்து! மனுசன் அழத் தொடங்கீட்டான்." வேகம் குறைந்தாற் சுருதி இறங்கும் என்னும் பௌதிகப் பாடத்தை நாம் புத்தகத்திலே படிக்குமுன்னர் தோள்மூட்டினாற் படித்தோம். அவ்வாறு படித்தது மறப்பதில்லை. அது மறவாமல் இருந்தமையாலேயே பிற்காலத்தில் ஒரு தவறு நேர்ந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அந்தக் கசெற்றில் இருந்தது மைல்ஸ் டேவிஸ் என்னும் அமெரிக்க ட்ரம்பெற் கலைஞரின் "கைன்ட் ஒவ் புளூ" என்ற ஜாஸ் இசைத்தொகுதி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். ஜாஸ் என்பது அமெரிக்காவிலே கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த இசை. எழுதிவைத்ததை எழுதியவாறே வாசிப்பது அதன் இயல்பன்று. மெட்டொன்றைப் பற்றிக்கொண்டு அந்தந்த வேளையிற் கற்பனையால் விரித்துச் செல்வதே அதன் உயிர். இராக ஆலாபனையும் கற்பனைசுரமும் கேட்டுப் பழகிய நமது மக்களுக்கு இஃது அந்நியமான முறை என்று சொல்வதற்கில்லை.

1950களின் ஜாஸ் இசையிலே, அடிக்கடி மாறிக்கொண்டிருக்கும் சுரக்கூட்டுகளைத் துரத்திக்கொண்டே வாசிப்பவர் ஓடவேண்டியிருந்தது. மைல்ஸ் டேவிஸ் அந்த ஓட்டத்தைத் தணிக்க விரும்பினார். சுரக்கூட்டுகளைக் குறைத்து, ஒரே சுரவரிசையில் நெடுநேரம் தங்கி, அதற்குள்ளேயே புதிது புதிதாகக் காண்பது அவர் நாடிய வழி. தொகுதியின் முதல் உருப்படியாகிய "சோ வட்" இதற்குத் தக்க சான்று. அதன் வட்டமொன்று 32 அளவுகள் கொண்டது. முதல் 16 அளவுகள் ஒரு சுரவரிசையில் நடக்கும். அடுத்த 8 அளவுகள் அதே வரிசையை அரைச்சுரம் உயர்த்தி நடக்கும். இறுதி 8 அளவுகள் மீண்டும் பழைய இடத்துக்கு இறங்கும். அந்தச் சுரவரிசையின் தானங்கள் நமது 22ஆம் மேளமாகிய கரகரப்பிரியாவின் தானங்களே. சுரங்கள் ஒன்றாயிருப்பதனால் மாத்திரம் இராகம் ஒன்றாகிவிடாது என்பது உண்மையே. கமகமும் பிடிப்பும் இல்லாமல் இராகம் ஏது? ஆயினும் அம்மா ஆயத்தம் என்று எண்ணியது ஒருவகை ஆலாபனையே என்பதை அறிந்தபொழுது நாம் தனியே சிரித்துக்கொண்டோம்.

இத்தொகுதி 1959ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதியிலும் ஏப்ரல் 22ஆந் திகதியிலும் நியூயோர்க் நகரின் 30ஆம் வீதியில் இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்திற் பதிவாயிற்று. அக்கூடம் முன்னர் தேவாலயமாக இருந்த கட்டடம்; கூரை மிக உயர்ந்தது; ஒலி எழுந்து பரவி இனிமையாகத் திரும்பும் இயல்புடையது. மைல்ஸ் டேவிசுடன் சக்ஸபோன் வாசித்தவர்கள் ஜோன் கொல்ட்ரேனும் கனன்போல் அடர்லியும். பியானோவில் பில் எவன்ஸ். ஓர் உருப்படிக்கு மட்டும் வின்டன் கெலி. பெரிய பேஸ் வாத்தியத்தில் போல் சேம்பர்ஸ். ட்ரம்ஸ் வாசித்தவர் ஜிம்மி கொப். தலைவராகிய டேவிசுக்கு அப்பொழுது 32 வயது. போல் சேம்பர்சுக்கோ மார்ச் மாதப் பதிவின்பொழுது 23 வயதுதான்.

நீண்ட ஒத்திகை நடக்கவில்லை. உருப்படிகளின் சுருக்கமான குறிப்புகளையே டேவிஸ் கொண்டுவந்தார். இசைத்தட்டின் உறைக்குப் பில் எவன்ஸ் எழுதிய குறிப்பில் யப்பானிய ஓவிய முறையொன்றை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். மெல்லிய தாளிலே தூரிகை தயங்கினாற் கோடு கெடும், தாள் கிழியும். அழிக்கவோ திருத்தவோ இடமில்லை. அவ்வாறே இவ்விசையும் அந்தக் கணத்திலே பிறந்தது என்பது அவர் கருத்து. இரண்டு நாட் கூட்டங்களிற் பிறந்த 5 உருப்படிகள். மொத்தம் ஏறத்தாழ 45 நிமிடங்கள். 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதி தட்டு வெளியாயிற்று. ஜாஸ் வரலாற்றில் மிகுதியாக விற்பனையான தட்டுகளுள் ஒன்றாக அது இன்றுவரை விளங்குகிறது.

இனி, ஒருவர் ஊதிய மூச்சு எவ்வாறு தட்டாகிறது என்பதையும் மாணவர் பொருட்டுச் சிறிது கூறவேண்டும். கூடத்தில் எழுந்த ஒலி முதலிற் காந்த நாடாவிற் பதிவாகும். கூடங்களில் இந்நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுவது வழக்கம். நாடாவிலுள்ள ஒலியைக்கொண்டு, மெல்லிய பூச்சுப் பூசிய அலுமினியத் தகட்டிலே ஊசி சுருள்வடிவான பள்ளத்தை வெட்டும். அத்தகட்டின்மேல் வெள்ளி படிவித்து, மின்பகுப்பு முறையால் நிக்கல் ஏற்றி, உரித்தெடுத்தால் பள்ளம் மேடான உலோக அச்சுக் கிடைக்கும். அதிலிருந்து வேறோர் அச்சு. அதிலிருந்து அழுத்தும் அச்சுகள் பல. அவற்றினிடையே சூடேற்றிய வைனைல் நசுங்கித் தட்டுகளாகும். எனவே இறுதியில் வரும் இலட்சக்கணக்கான தட்டுகளும் முதல் நாடாவின் பிள்ளைகளே. அந்நாடாவிலே பிழை இருந்தால், குடும்பம் முழுவதிலும் அப்பிழை இருக்கும்.

பிழை இருந்தது. மார்ச் 2ஆந் திகதி, மூல நாடாவைப் பதிந்த இயந்திரம் வேண்டிய வேகத்திலும் சற்றுக் குறைவாக ஓடியது. அதனை அன்று எவரும் கவனிக்கவில்லை. அன்று பதிந்த 3 உருப்படிகளும் தட்டின் முதற்பக்கத்தில் இடம்பெற்றன. அந்தப் பக்கம் முழுவதும் சுருதி பிசகியே உலகத்துக்குச் சென்றது. ஏப்ரல் மாதத்திற் பதிந்த இரண்டாம் பக்கமோ சரியாக இருந்தது.

இதே தட்டில் இன்னொரு பிழையும் நேர்ந்ததுண்டு. முதலில் வெளிவந்த தட்டுகளில், இரண்டாம் பக்கத்து உருப்படிகள் இரண்டின் பெயர்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன. அப்பிழை கண்ணுக்குப் புலனாவது. ஆதலால் பின்னர்த் திருத்தப்பட்டது. சுருதிப்பிழையோ தன்னோடு தானே ஒத்துப்போவது. ட்ரம்பெற்றும் பியானோவும் பேசும் ஒரே அளவாகப் பிசகியிருந்தால், தட்டை மாத்திரம் கேட்பவனுக்கு அதில் ஒரு குறையும் தோன்றாது. வேறொரு வாத்தியத்தை எடுத்து அதனோடு கூட வாசிக்க முயல்பவனுக்கே அது தெரியும். பியானோவிலே கைவைத்தால் அச்சுருதி இரு கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ நிற்கும். இத்தட்டைக் கேட்டே ஜாஸ் பயின்றவர் பலர். தட்டோடு கூட வாசிக்கவேண்டுமானால் அவர் தமது வாத்தியத்தைத் தட்டுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய கலைஞர்கள் வாசித்த தட்டைவிட்டுத் தன் வாத்தியத்தையே ஐயுறுவதுதான் மாணவனின் இயல்பு.

1992ஆம் ஆண்டு மறுபதிப்பு ஒன்றின்பொழுது இது திருத்தப்பட்டது. எவ்வாறு திருத்தினர்? 1959ஆம் ஆண்டு அந்தக் கூடத்திலே ஒரு முன்னெச்சரிக்கை இருந்தது. மூல இயந்திரம் ஓடும்பொழுதே, காப்புக்காக வேறோர் இயந்திரமும் அதே இசையை மற்றொரு நாடாவிற் பதிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டாவது இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியது. எவரும் தேடாமற் கிடந்த அந்நாடாவே 33 ஆண்டுகளின் பின்னர்ச் சாட்சி சொல்லிற்று. நாம் பெடல் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டு அது.

கொழும்பிலே பட்டப்படிப்புப் படித்த நாட்களில் இச்செய்தியை எங்கேயோ படித்தோம். படித்ததில் முதற்பாதியே நினைவில் நின்றது: பதிந்த இயந்திரம் மெதுவாக ஓடியது. பிற்பாதியை நமது தோள்மூட்டு நிரப்பிக்கொண்டது: ஆதலாற் சுருதி இறங்கியது. பின்னர் ஆசிரியராகி உயர்தர வகுப்பிற்கு ஒலியலைகள் கற்பித்தபொழுது, மாணவர் ஆர்வங்கொள்ளும் உதாரணமாக இருக்கட்டும் என்று இக்கதையைக் குறிப்பிலே சேர்த்தோம். "பதிவு இயந்திரம் மெதுவாக ஓடியமையால், 33 ஆண்டுகள் உலகம் அவ்விசையைத் தாழ்ந்த சுருதியிற் கேட்டது" என்று எட்டு ஆண்டுகள் சொல்லி எழுதுவித்தோம். மாணவரும் எழுதினர்; வருடந்தோறும் வகுப்புச் சிரித்து இரசித்தது.

ஒன்பதாம் ஆண்டு, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், ஒரு சந்தேகம். பதியேக்க மெதுவா ஓடினா, பிறகு சரியான வேகத்தில போடேக்க சுருதி ஏறத்தானே வேணும்?"

அவன் கேட்டது விளங்குமுன்னரே நமக்குக் கோபம் வந்துவிட்டது. மணியடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. பாடத்திட்டமோ பாதியில் நின்றது. "அது சோதினைக்கு வராது. இரும்" என்றோம். அவன் இருந்தான். வகுப்பு வழமைபோலச் சிரித்தது. இம்முறை சிரித்தது கதைக்கு அன்று, அவனுக்கு.

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். 10 செக்கனில் 150 அங்குலம் ஓடவேண்டிய நாடா, உதாரணத்திற்கு, 148 அங்குலமே ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 10 செக்கனில் வாசித்த இசை முழுவதும் அந்த 148 அங்குலத்திற்குள் அடங்கிவிட்டது. இனி, சரியான வேகத்தில் ஓடும் இயந்திரம் அதை ஒலிக்கச் செய்தால், 10 செக்கன் முடியுமுன்னரே 148 அங்குலமும் ஓடி முடிந்துவிடும். அதே அதிர்வுகள் குறைந்த நேரத்தில் வரும், எனவே அதிர்வெண் கூடும், சுருதி ஏறும். இரண்டு வரிக் கணக்கு. மாணவன் சொன்னதே சரி. உலகம் 33 ஆண்டுகள் கேட்டது உயர்ந்த சுருதி.

சிறுவயதில் நமது கை தளர்ந்தபொழுது மெதுவாக ஓடியது ஒலிக்கச் செய்யும் இயந்திரம். நியூயோர்க்கில் மெதுவாக ஓடியது பதியும் இயந்திரம். இரண்டும் நேரெதிர். அனுபவம் பெரிய ஆசான் என்று சொல்லுவர். அந்த ஆசானும் தான் கண்டதை மாத்திரமே சொல்லித்தருவான் என்பதை நாம் எண்ணிப்பார்க்கவில்லை.

மறுநாட் காலை வகுப்பிலே கணக்கைக் கரும்பலகையில் எழுதி, நாம் சொன்னது பிழை, நேற்று எழுந்தவர் சொன்னது சரி என்றோம். அவரை இருத்தியதும் பிழை என்றோம். சொல்லி முடித்ததும் மனப்பாரம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தோம். இறங்கவில்லை. ஏனெனில் அம்மாணவன் மீண்டும் எழுந்து, "ரியூசனிலயும் இப்பிடித்தான் எழுதித் தந்தவை, சேர்" என்றான்.

தனியார் வகுப்பிலே அவனுக்குக் கற்பித்தவர் நமது பழைய மாணவர். மாலையில் அவருக்குத் தொலைபேசி எடுத்தோம். மிகுந்த மரியாதையோடு பேசினார். "சேர், நான் உங்கட கொப்பியைப் பாத்துத்தான் எழுதிக் குடுத்தனான். முதல் தரம் எழுதேக்க எனக்கும் ஒரு மாதிரி இடிச்சது. சேர் சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன்."

அந்த இறுதி வார்த்தை நம்மை நெடுநாள் உறங்கவிடவில்லை. அவருக்குச் சந்தேகம் எழுந்திருக்கிறது. சுருதி இரு கட்டைகளுக்கு நடுவே நிற்பதை அவர் காது கேட்டிருக்கிறது. தட்டை ஐயுறாமல் தம் வாத்தியத்தைத் திருத்திக்கொண்டார். நம்மீது வைத்த மதிப்பே அவருடைய அறிவை அடக்கிவிட்டது. மாணவர் நம்மை மதிக்கவேண்டும் என்று விரும்பாத ஆசிரியர் இல்லை; அந்த மதிப்பு இத்தகைய வேலையும் செய்யும் என்பதை அன்றுதான் கண்டோம். எட்டு ஆண்டுக் கொப்பிகள் இன்று எங்கெங்கு இருக்கின்றனவோ! சில கடல் கடந்தும் போயிருக்கும். விற்ற தட்டுகளைத் திரும்பப் பெற முடியாது. 1959இல் வாங்கிய தட்டு இன்றும் எந்த வீட்டிற் சுழன்றாலும் அதன் முதற்பக்கம் பழைய பிசகோடுதான் பாடும்.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்தோம். அன்று நியூயோர்க்கிலே இரண்டாவது இயந்திரத்தை ஓடவிட்டவர்கள், முதல் இயந்திரம் பழுது என்று தெரிந்து அதனைச் செய்யவில்லை. இயந்திரமென்றால் தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. வகுப்பறையிலே நமக்கும் ஓர் இரண்டாவது இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது பின்வாங்கில் இருக்கிறது. அதனை "இரும்" என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. நிறுத்தியபின் நமது நாடாவைச் சரிபார்க்க வேறு நாடா இல்லை. இப்பொழுது எமது குறிப்புகளைச் சொல்லி எழுதுவிக்குமுன், இடித்தால் எழுந்து சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எழுபவர் பெரும்பாலும் தவறாகவே கேட்பார். அதற்குச் செலவாகும் நேரம் காப்பு நாடாவுக்குக் கொடுக்கும் விலை என்று கொள்கிறோம்.

அத்தொகுதியை வாசித்தவர்களில் எவரும் இன்று உயிருடன் இல்லை. போல் சேம்பர்ஸ் 1969இல், 33 வயதிலே மறைந்தார். மைல்ஸ் டேவிஸ் திருத்தத்தைக் கேளாமலே 1991இல் மறைந்தார். கடைசியாக எஞ்சியிருந்த ஜிம்மி கொப் 2020இற் காலமானார். திருத்திய பதிப்பை நாம் முதன்முதற் கேட்டபொழுது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், அது நமக்குச் சோர்ந்து கிடப்பதாகவே பட்டது. பிழையோடு பழகிய காதுக்குச் சரி பிழையாகத் தோன்றுவது இயல்புபோலும். பல நாள் கேட்டபின்னரே, வாசித்தவர்கள் அவசரப்படவில்லை என்பதும், அந்த நிதானமே அவர்கள் தேடியது என்பதும் புலனாயின.

இன்னொன்றும் தோன்றிற்று. சித்தப்பாவின் கசெற் பழைய நாடாவின் வழிவந்தது. ஆகவே அதன் முதற்பக்கம் உயர்ந்த சுருதியிலே பதிந்திருந்தது. கை களைத்துப் பெடல் தளர்ந்த வேளைகளிற் சுருதி இறங்கி, உண்மையான இடத்தைக் கடந்தே கீழே போயிருக்கும். அப்படிப் போகும் வழியில், ஓரிரு கணமேனும், 1959இல் அவர்கள் வாசித்தவாறே அவ்விசை எமது முற்றத்தில் ஒலித்திருக்கவேண்டும். அந்தக் கணத்திலுந்தான் நமக்கு ஏச்சு விழுந்தது. இதனைச் சொல்லிச் சிரிக்கச் சித்தப்பா இன்று இல்லை.

பின்வாங்கு மாணவனுக்குச் சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்தான்.

"ஆனா சேர், உங்கட றெக்கோடர் சரியான வேகத்தில ஓடினதெண்டு எப்பிடித் தெரியும்? நீங்கள் கெதியாச் சுத்தினா அதுவும் கெதியா ஓடியிருக்குமல்லே?"

இம்முறை அவனை இருத்தவில்லை. வெண்கட்டியை அவன் கையிற் கொடுத்து, கரும்பலகைக்கு வரச்சொன்னோம்.